காட்டுயிர்களின் மரபு வளம்: உடைமையும் காப்பும்

கர்நாடக மாநிலத்தில் ஹனூரிலிருந்து பர்கூர் மலை வழியாகத் தமிழ்நாட்டின் அந்தியூருக்கு வரும் சாலையில் அமைந்துள்ள ஊர் ராமாபுரம். 1956ஆம் ஆண்டில் மொழிவழி மாநிலங்கள் அமையும் வரை இவ்வூர் அடங்கிய கொள்ளேகால் வட்டம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பின்னர் அது மைசூர் மாவட்டத்துடன் இணைக்கப்பட்டது. 1997இல் சாமராஜநகர் மாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது அதன் பகுதியாயிற்று. ஆட்சி எல்லைகள் இவ்வாறு மாறி வந்தபோதிலும், இவ்வட்டாரத்தைச் சூழ்ந்துள்ள காடு தொடர்ச்சியான ஒன்றாகவே இருந்து வருகிறது. மேற்கே பிளிகிரி ரங்கன் மலை, வடக்கே காவிரி வனவிலங்குச் சரணாலயம், கிழக்கே மாதேஸ்வரன் மலை, தெற்கே சத்தியமங்கலம் புலிகள் காப்பகம் என இக்காடுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன.

2025ஆம் ஆண்டு ஜூன் மாதம் 26ஆம் நாள், மாதேஸ்வரன் மலைச் சரணாலயத்தின் ஹூக்கியம் வனச்சரகத்தில் ஒரு பெண் புலியும் அதன் நான்கு குட்டிகளும் இறந்து கிடக்கக் காணப்பட்டன. புலி அடித்த பசுவின் உடலில் நஞ்சு இடப்பட்டிருந்தது என்பது விசாரணையில் தெரிய வந்தது. சிலர் கைது செய்யப்பட்டனர். பசுவுக்கு உரிமையாளர் உண்டு. அதன் இழப்பை ரூபாயில் மதிப்பிட்டு ஈடு வழங்க இயலும். ஆனால் புலி யாருக்கு உரியது? ஐந்து புலிகளின் மறைவால் இழப்புற்றவர் யார்? அந்த இழப்பை அளப்பது எவ்வாறு? இக்கேள்விகளுக்குச் சட்டமும் அறிவியலும் தரும் விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரபு வளம் என்றால் என்ன?

ஓர் உயிரினத்தின் பண்புகளைத் தலைமுறைதோறும் எடுத்துச் செல்பவை மரபணுக்கள். ஒரே இனத்தைச் சேர்ந்த விலங்குகளிடையேயும் தாவரங்களிடையேயும் இம்மரபணுக்களில் காணப்படும் வேறுபாடுகளின் தொகுப்பையே மரபு வளம் என்கிறோம். நோயைத் தாங்கும் ஆற்றல், வறட்சியில் பிழைக்கும் திறன் முதலியவை இவ்வேறுபாடுகளில் அடங்கியுள்ளன. இன்று பயனற்றதாகத் தோன்றும் ஒரு பண்பு, நாளை புதியதொரு நோய் பரவும்போது அந்த இனத்தையே காக்கக்கூடும்.

மனிதனின் உணவுக்கும் இவ்வளம் அடிப்படையாகும். 1912ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. பார்பர், டி. எஸ். வெங்கடராமன் ஆகிய அறிஞர்கள் அங்கு இனிப்புக் கரும்பைக் காட்டுக் கரும்புடன் கலந்து, 1918இல் கோ 205 என்னும் இரகத்தை வெளியிட்டனர். ஆற்றங்கரைகளில் களையென வளர்ந்து கிடந்த ஒரு புல், வட இந்தியக் கரும்புச் சாகுபடியின் போக்கையே மாற்றியது. நெல்லிலும் இத்தகைய வரலாறு உண்டு. புல்போன்ற குட்டை நோய் எனப்படும் நச்சுயிரி நோயை எதிர்க்கும் நெல்லைத் தேடி, பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையத்தினர் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்தனர். உத்தரப் பிரதேசத்திலிருந்து 1960களில் திரட்டப்பட்ட ஒரு காட்டு நெல்லிலேயே அந்த எதிர்ப்பாற்றல் கிடைத்தது. 1976இல் வெளியான ஐ. ஆர். 36 என்னும் இரகம் அப்பண்பைப் பெற்று ஆசிய நாடுகளில் மிகப் பெரும் பரப்பில் பயிராயிற்று. அக்காட்டு நெல் விளைந்த இடத்தின் மக்களுக்கு இதற்கென எத்தொகையும் வழங்கப்படவில்லை. வழங்க வேண்டும் என்னும் சட்டமும் அக்காலத்தில் இல்லை.

எண்ணிக்கையும் மரபுக் கணக்கும்

காட்டில் எத்தனை விலங்குகள் உள்ளன என்ற எண்ணிக்கையை மட்டும் கொண்டு மரபு வளத்தை மதிப்பிட முடியாது. இனப்பெருக்கத்தில் பங்கு கொள்ளும் விலங்குகள் எத்தனை என்பதே முக்கியம். அத்தகைய விலங்குகள் 50 இருப்பின், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபு வேறுபாட்டில் சுமார் 1 சதவீதம் குறைகிறது. 10 மட்டுமே இருப்பின் 5 சதவீதம் குறைகிறது.

ஆண், பெண் விகிதம் சிதைந்தால் நிலைமை மேலும் மோசமாகும். யானை வேட்டை இதற்குத் தக்க சான்று. ஆசிய யானைகளில் ஆணுக்கே பெரிய தந்தம் உண்டு. ஆதலால் தந்த வேட்டைக்காரர்கள் ஆண் யானைகளையே தேடிக் கொன்றனர். 1970களிலும் 1980களிலும் ராமாபுரத்தைச் சுற்றியுள்ள காடுகள் உள்ளிட்ட தென்னிந்திய வனங்களில் இவ்வேட்டை கடுமையாக நடந்தது. கேரளத்தின் பெரியாறு காப்பகத்தில் முதிர்ந்த ஆண் யானை ஒன்றுக்குப் பெண் யானைகள் ஏறத்தாழ நூறு என்ற நிலை ஏற்பட்டதை ஆய்வாளர்கள் கண்டனர். மரபியலில் வழங்கும் வாய்பாட்டின்படி, ஓர் ஆணும் நூறு பெண்களும் கொண்ட கூட்டம் இனப்பெருக்கக் கணக்கில் நான்கு விலங்குகளுக்கே சமம். கண்ணுக்கு நூற்றொரு யானைகள் தெரிந்தாலும், அடுத்த தலைமுறைக்குச் செல்லும் மரபு வேறுபாடு நான்கு யானைகளின் அளவே.

கூட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று துண்டிக்கப்படும்போதும் இவ்விளைவு உண்டாகிறது. ஒடிசாவின் சிமிலிபால் காப்பகத்தில் கோடுகள் அகன்று ஒன்றோடொன்று இணைந்து, உடல் கருமையாகத் தோன்றும் புலிகள் மிகுதியாக உள்ளன. தனிமைப்பட்ட சிறு கூட்டத்தில் ஓர் அரிய மரபணு மாற்றம் பெருகியதே இதற்குக் காரணம் என்று 2021இல் பெங்களூர் அறிவியலாளர்கள் கண்டறிந்தனர். அவ்வாறாயின் மாதேஸ்வரன் மலையில் மறைந்த ஐந்து புலிகள் வெறும் ஐந்து தோல்கள் அல்ல. ஒரு தாய்வழியும், அது பல தலைமுறைகளுக்கு அளித்திருக்கக் கூடிய மரபு வேறுபாடும் ஒரே நாளில் அற்றுப் போயின.

உடைமை பற்றிய சட்டத்தின் வளர்ச்சி

பண்டைய உரோமானியச் சட்டம் காட்டு விலங்கை எவருக்கும் உரித்தாகாத பொருளாகக் கருதியது. பிடித்தவனே அதற்கு உடையவன். நம் நாட்டில் யானை போன்ற விலங்குகளின் மீது அரசர்கள் தனியுரிமை கொண்டாடினர். மைசூர் அரசின் சார்பில் சாண்டர்சன் என்னும் ஆங்கிலேய அதிகாரி 1874இல் சாமராஜநகர் அருகே யானைக் கூட்டத்தை வளைத்துப் பிடித்தார். கெட்டா எனப்படும் இம்முறை 1971 வரை காக்கனகோட்டையில் நடைபெற்றது. அன்றைய கோயம்புத்தூர் மாவட்டப் பகுதிகளில் 1873ஆம் ஆண்டின் சென்னை யானைப் பாதுகாப்புச் சட்டம் வழங்கியது. அரசுக்குப் பயன்படும் பொருள் என்ற அளவிலேயே விலங்கு அப்போது காக்கப்பட்டது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்நோக்கைப் பெரிதும் மாற்றியது. அதன் 39ஆம் பிரிவு மாணவரும் அலுவலரும் நன்கு அறிய வேண்டிய ஒன்றாகும். சட்டத்திற்கு மாறாக வேட்டையாடப்பட்ட விலங்கும், இறந்து கிடக்கக் காணப்பட்ட விலங்கும், அவற்றின் தோல், தந்தம், இறைச்சி முதலியனவும் மாநில அரசின் சொத்து என்று அப்பிரிவு கூறுகிறது. மத்திய அரசு அறிவித்த சரணாலயத்திலோ தேசியப் பூங்காவிலோ வேட்டையாடப்பட்டது மத்திய அரசின் சொத்தாகும். இத்தகைய பொருள் எவர் கைக்காவது வந்து சேர்ந்தால், 48 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள காவல் நிலையத்திற்கோ உரிய அலுவலருக்கோ தெரிவித்து, கேட்கும்போது ஒப்படைக்க வேண்டும்.

இதில் ஒரு நுட்பம் உள்ளது. காட்டில் உயிருடன் உலவும் விலங்கை இப்பிரிவு அரசின் சொத்தென்று கூறவில்லை. மாதேஸ்வரன் மலையில் இறந்த புலியின் உடல் கர்நாடக அரசின் சொத்து. அதே புலி எல்லையைக் கடந்து சத்தியமங்கலம் காட்டில் இறந்திருந்தால் தமிழ்நாடு அரசின் சொத்து. உயிருடன் இருந்தவரை அது எவருடைய சொத்து?

இவ்வினாவுக்கு 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் விடை கூறியது. ஆசியச் சிங்கங்கள் குஜராத்தின் கிர் வட்டாரத்தில் மட்டுமே எஞ்சியுள்ளன. ஒரே இடத்தில் வாழும் நெருங்கிய மரபுடைய கூட்டம் ஒரு கொள்ளை நோயால் அழியக்கூடும் என்பதால், சிலவற்றை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்கு மாற்ற வேண்டும் என அறிவியலாளர்கள் கூறினர். குஜராத் அரசு அதற்கு இசையவில்லை. காட்டு விலங்குகள் நாட்டின் சொத்து. எந்த மாநிலமும் அவற்றின் மீது தனியுரிமை கோர இயலாது. அவற்றைப் பாதுகாப்பதே மாநிலத்தின் கடமை என்று நீதிமன்றம் தீர்ப்பளித்து, ஆறு மாதங்களுக்குள் இடமாற்றம் செய்யப் பணித்தது. எனினும் அவ்விடமாற்றம் நடைபெறவில்லை. 2018இல் கிர் காட்டின் ஒரு சரகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சிங்கங்கள் சில வாரங்களில் இறந்தன. நாய்களிடையே பரவும் நச்சுயிரி நோய் அவற்றிற் பலவற்றில் காணப்பட்டது. குனோவுக்கு 2022இல் ஆப்பிரிக்கச் சிவிங்கிப்புலிகள் வந்து சேர்ந்தன. உடைமை பற்றிய தீர்ப்பு தெளிவாக இருந்தும், காப்பு அதனைத் தொடர்ந்து வரவில்லை என்பது இதிலிருந்து புலனாகிறது.

நாடுகளின் இறைமையும் 2002ஆம் ஆண்டுச் சட்டமும்

விலங்கின் உடலைப் பற்றிய சட்டம் இவ்வாறிருக்க, அதன் மரபணுவைப் பற்றிய சட்டம் வேறு வழியில் வளர்ந்தது. பயிர்களின் மரபு வளம் மனித குலத்தின் பொதுச் சொத்து என்று 1983இல் உணவு வேளாண்மை நிறுவனத்தின் உடன்பாடு கூறியது. கேட்பதற்கு இது உயர்ந்த கருத்தாயினும், நடைமுறையில் வளம் மிகுந்த ஏழை நாடுகளின் விதைகள் விலையின்றி வெளியேறின. அவற்றைக் கொண்டு உருவான பொருள்கள் காப்புரிமை பெற்று விலைக்குத் திரும்பின. ஆதலால் 1992இல் ரியோ டி ஜெனிரோவில் கையெழுத்தான உயிரியல் பன்மய உடன்படிக்கை, உயிர் வளங்களின் மீது அந்தந்த நாட்டிற்கு இறைமை உரிமை உண்டென ஏற்றது. பயன் பெறுவோர் முன் அனுமதி பெற வேண்டும் என்பதும், ஆதாயத்தை நியாயமாகப் பகிர வேண்டும் என்பதும் அதன் கோட்பாடுகள். 2010இல் உருவாகி 2014இல் நடைமுறைக்கு வந்த நகோயா நெறிமுறை இவற்றை விரிவுபடுத்தியது.

இதனை ஒட்டி நம் நாட்டில் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம் இயற்றப்பட்டது. இது மூன்று அடுக்குகள் கொண்டது.

1. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட தேசிய உயிரியல் பன்மய ஆணையம். வெளிநாட்டினரும் வெளிநாட்டு நிறுவனங்களும் நம் உயிர் வளங்களைப் பெற இதன் முன் அனுமதி தேவை.

2. மாநில உயிரியல் பன்மய வாரியங்கள். இந்திய நிறுவனங்கள் வணிக நோக்குடன் வளங்களைப் பெறுவது இவற்றின் மேற்பார்வைக்கு உட்பட்டது.

3. ஊராட்சி, நகராட்சி அளவில் அமையும் உயிரியல் பன்மய மேலாண்மைக் குழுக்கள். தம் பகுதியின் உயிரினங்களையும் அவை பற்றிய மக்களின் அறிவையும் பதிவேட்டில் எழுதிக் காப்பது இவற்றின் பணி.

இந்திய நிறுவனங்களுக்கு ஆதாயப் பகிர்வு பொருந்துமா என்ற ஐயத்தை 2018 டிசம்பரில் உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் திவ்யா பார்மசி வழக்கில் தீர்த்து வைத்தது. பகிர்வின் நோக்கம் உள்ளூர் மக்களின் நலனாதலால், உள்நாட்டு நிறுவனமும் அதற்குக் கட்டுப்பட்டதே என்று அது கூறியது. 2023இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. பதிவு பெற்ற இந்திய மருத்துவ முறை மருத்துவர்களுக்கும், நூல்களில் இடம் பெற்ற மரபு அறிவைப் பயன்படுத்துவோருக்கும் சில விலக்குகள் அளிக்கப்பட்டன. மீறலுக்குச் சிறைத் தண்டனை நீக்கப்பட்டு, ரூ. 1 இலட்சம் முதல் ரூ. 50 இலட்சம் வரையிலான தண்டத் தொகை விதிக்கப்படுகிறது.

இன்று இன்னொரு சிக்கலும் எழுந்துள்ளது. ஓர் உயிரினத்தின் மரபணு வரிசையைக் கணினியில் பதிந்துவிட்டால், உயிரினத்தைத் தொடாமலேயே உலகின் எம்மூலையிலும் அதைப் பயன்படுத்தலாம். எல்லைச் சாவடியில் சோதிக்கப்பட வேண்டிய பொருள் ஏதும் அப்போது இல்லை. இத்தகைய தகவலால் ஆதாயம் பெறும் நிறுவனங்கள் பங்களிப்பதற்கென 2025இல் காலி நிதியம் தொடங்கப்பட்டது. அதன் பயன் போகப் போகவே தெரியும்.

காணி மக்களின் அனுபவம்

ஆதாயப் பகிர்வு பற்றி உலகெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுவது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் நிகழ்ந்தது. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள், வழிகாட்டிகளாக வந்த காணி மக்கள் ஒரு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடப்பதைக் கண்டனர். ஆரோக்கியப் பச்சை எனப்படும் அச்செடியிலிருந்து கேரளத்தின் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் ஜீவனி என்னும் மருந்தை உருவாக்கி, கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு ரூ. 10 இலட்சம் உரிமக் கட்டணத்திற்கும் 2 சதவீத உரிமத் தொகைக்கும் அளித்தது. இவற்றில் பாதி காணி மக்களுக்கென ஒதுக்கப்பட்டு, 1997இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் அமைந்தது. சட்டம் வருமுன்னரே நிகழ்ந்த நற்செயல் இது. ஆயினும் செடியைச் சேகரிப்பதிலும் பயிரிடுவதிலும் வனத்துறையின் அனுமதி தடையாக நின்றது. அறிவு மக்களுடையது, செடி நின்ற நிலம் வனத்துறையுடையது, மருந்தின் உரிமை ஆராய்ச்சி நிலையத்தினுடையது. மூன்று உரிமைகளும் ஒரே முறையில் இணைக்கப்படாதவரை ஆதாயம் நிலைக்காது என்பதே இதன் பாடம்.

காப்பின் இரு வழிகள்

மரபு வளத்தை அதன் இயற்கை இடத்திலும், அதற்கு வெளியிலும் காக்கலாம். ஐதராபாத்தில் உள்ள அழிநிலை உயிரினக் காப்பு ஆய்வுக்கூடம் காட்டு விலங்குகளின் விந்தணுவையும் உயிரணுக்களையும் உறைநிலையில் சேமித்து வருகிறது. 1892இல் தொடங்கப்பெற்ற மைசூர் விலங்குக் காட்சிசாலை, கூர்கள்ளியில் காட்டெருதுகளின் இனப்பெருக்கத்திற்கு ஏற்பாடு செய்துள்ளது. இவை தேவையான முன்னேற்பாடுகளே. எனினும் உறைந்த உயிரணு புதிய நோயைச் சந்திப்பதில்லை. மாறும் பருவத்திற்கேற்ப மாறுவதும் இல்லை. அம்மாற்றம் காட்டில்தான் நிகழும்.

எனவே காடுகளுக்கிடையே விலங்குகள் செல்லும் வழிகளைக் காப்பது மரபு வளத்தைக் காப்பதே ஆகும். பிளிகிரி ரங்கன் மலையையும் கொள்ளேகால் காடுகளையும் இணைக்கும் எடையாரஹள்ளி, தொட்டசம்பிகே யானை வழியில், இந்திய வனவிலங்கு அறக்கட்டளை சுமார் 25 ஏக்கர் தனியார் நிலத்தை உரிமையாளர்களின் இசைவுடன் விலைக்கு வாங்கி வனத்துறையிடம் அளித்தது. இங்கு வாங்கப்பட்டது நிலம். காக்கப்பட்டது இரு கூட்டங்களுக்கிடையே மரபணு கலக்கும் வாய்ப்பு.

ஊர்களில் செய்யத்தக்கவை

ராமாபுரம் போன்ற காட்டோர ஊர்களில் பின்வருவன உடனடியாகச் செய்யத்தக்கவை.

முதலாவதாக, கால்நடையை இழந்தவருக்கு ஈட்டுத்தொகை காலந்தாழ்த்தாமல் சேர வேண்டும். நாட்டின் சொத்தென உச்ச நீதிமன்றம் கூறிய விலங்கு ஒருவரின் பசுவை அடித்தால், அச்செலவை அவர் ஒருவரே தாங்குவது முறையன்று. ஈடு தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் நஞ்சு வைக்கும் எண்ணத்திற்கு இடம் தருகிறது.

இரண்டாவதாக, கால்நடைகளுக்குத் தடுப்பூசி இடுவதை வனப் பாதுகாப்பின் பகுதியாகவே கருத வேண்டும். 1968இல் பரவிய வெக்கை நோய் பந்திப்பூர், முதுமலைக் காடுகளில் காட்டெருதுகளைப் பெருமளவில் மாய்த்தது.

மூன்றாவதாக, மக்களின் பதிவேடு உயிருள்ள ஆவணமாக வேண்டும். நாட்டில் இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட மேலாண்மைக் குழுக்கள் அமைக்கப்பட்டுள்ளன. ஆனால் கூடிப் பேசாத குழுவும் புதுப்பிக்கப்படாத பதிவேடும் ஆதாயப் பகிர்வின்போது ஊருக்கு உதவா. எந்தச் செடி எங்குள்ளது, அதை அறிந்தவர் யார் என்பது எழுத்தில் இருந்தால்தான் உரிமை கோர முடியும்.

நான்காவதாக, பழங்குடியினரின் உரிமையைக் காப்புடன் இணைக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், உயிர் வளங்களை அணுகும் உரிமையையும், மரபு அறிவின் மீதான சமூக உரிமையையும் அளிக்கிறது. அதன்படி 2011 அக்டோபரில் பிளிகிரி ரங்கன் மலைப் புலிகள் காப்பகத்தில் 25 சோலிகர் கிராம சபைகளின் சமூக உரிமைகள் ஏற்கப்பட்டன. தேன், நெல்லி முதலியவற்றைச் சேகரிக்கும் உரிமை உடையவருக்கு, காடு நிலைப்பதில் நேரடியான அக்கறை உண்டு.

முடிவுரை

காட்டு விலங்கு எவருக்கும் சொந்தமில்லை என்ற நிலையிலிருந்து அரசின் சொத்து, நாட்டின் சொத்து, இறைமைக்கு உட்பட்ட வளம் என்ற நிலைகளுக்குச் சட்டம் வளர்ந்துள்ளது. இவ்வளர்ச்சி போற்றத்தக்கது. ஆனால் 39ஆம் பிரிவின் உடைமை, விலங்கு இறந்த பின்னரே முழுமை பெறுகிறது. மரபு வளமோ அது உயிருடன் இருந்து ஈனும்வரையில்தான் உள்ளது. ஆகவே காட்டுயிர்களைப் பொறுத்தவரை உடைமை என்பது வருங்காலத் தலைமுறைக்காக ஏற்ற காவற்பொறுப்பே ஆகும். அக்காவலின் பெரும் பகுதியை ஆற்றுபவர்கள் காட்டோர ஊர்களின் மக்கள். அவர்களது இழப்பை ஈடு செய்து, அவர்களது உரிமையை ஏற்று, ஆதாயத்தில் அவர்களுக்குப் பங்களிக்கும்போதே சட்டம் கூறும் உரிமை காட்டில் மெய்ப்படும்.